வெறும் வயிற்றில் போடுவதில்லை

மல்லிகாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு நிமிர்ந்த குப்புசாமி, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றரை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வரவேண்டிய மச்சான் இன்னும் குஞ்சப்பனை செக்போஸ்ட்டைத் தாண்டவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து கிடக்கிறதாம். பள்ளிக்கூடத்து ஊசி முகாம் ஒரு மணிக்கு முடிந்துவிடும்.

"கண்ணு, செருப்பைப் போடு" என்றான் மகளிடம்.

ஷண்முகப்ரியாவுக்குப் பதினாலு வயது. "இன்னைக்காப்பா?"

அவனுடைய அக்கா சாந்தாமணி வாசலை மறித்தாள். "பொணத்தைப் போட்டுட்டுப் புள்ளையக் கூட்டிட்டுப் போறியாடா? ஊசி எங்க ஓடிப்போகுது?"

"இனி வரமாட்டாங்களாமாக்கா. இதுதான் கடைசியாமா."

போன வருடமும் வந்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி என்று படிவம் கொடுத்தனுப்பினார்கள். வயசுக்கு வராத பிள்ளைக்கு அந்த இடத்து நோய்க்கு எதற்கு ஊசி, நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான் என்றாள் அக்கா. 'சம்மதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மகராசன் இவன்தான். அப்போதே மல்லிகாவுக்கு உதிரம் போய்க்கொண்டிருந்தது. தேயிலை விலை அடிமட்டத்துக்கு விழுந்த நேரம்; அடுத்தவர் தோட்டத்துக்கு இலை பறிக்கப் போனாள். துணி மேல் துணி வைத்துக்கொண்டு போனாள். உடம்புச் சூடு என்றாள், நம்பினான். நம்புவது வசதியாக இருந்தது. அதே புற்றுநோய்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது முற்றிப்போயிருந்தது.

முகாமில் நர்ஸ் கேட்டாள். "காலையில சாப்பிட்டியாம்மா?"

ஷண்முகப்ரியா தலையாட்டினாள், இல்லையென்று.

"வெறும் வயித்துல போட மாட்டோம்ங்க. மயங்கி உழுந்துரும். ஏதாச்சும் குடுத்துக் கூட்டிட்டு வாங்க."

சாவு வீட்டில் அடுப்பு ஏது? எதிர்க்கடை வீரையா பன்னும் டீயும் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெற்றவளை எடுக்குமுன் பிள்ளை சாப்பிடக்கூடாது என்று அவருக்கும் தெரியும்.

"தின்னு சாமி."

"எறங்க மாட்டீங்குதுப்பா."

"மணி ஆகுது சாமி. அப்பன் கும்புட்டுக் கேக்கறேன்."

நாலு பேர் பார்க்க, கடைவீதியில் மகளைக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் அழுதுகொண்டே மென்றாள். பன்னிரண்டே முக்காலுக்கு ஊசி போட்டார்கள்.

திரும்பியபோது கோடி வந்திருந்தது. மச்சான் வீட்டுப் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். வாசலிலேயே சாந்தாமணி பிள்ளையை நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள். சட்டையெல்லாம் பன் துகள். குப்புசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

யாரும் பார்க்குமுன் அக்கா தன் முந்தானையால் துகளைத் தட்டிவிட்டாள். வாயோரத்தைத் துடைத்தாள்.

"எந்தக் கைல போட்டாங்க?"

"எடது கைலங்கத்தை."

சாந்தாமணி வலது கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.