பின்வாசல் மூடிய குப்பம்

1964 ஐப்பசியில் தாயாரம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று, பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருந்த அந்த மீனவர் குப்பத்தில் எல்லா வீடுகளின் பின்வாசலும் மூடிக்கொண்டன. கதவு சாத்திக்கொண்டதாக நினைக்க வேண்டாம்; கதவே காணாமல் போய் அங்கே சுவர் இருந்தது. குழந்தைக்கும் ஆசனவாய் இல்லை. மலம் பெண்ணுறுப்புப் பக்கம் இருந்த சின்னத் துளை வழியாகக் கசிந்தது. மருத்துவச்சி விளக்கைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "பின்னால வழியே வெக்கலியேம்மா சாமி" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். சாவுக்கு அருவருப்புத் தட்டட்டும் என்று பிள்ளையைக் குப்பைமேட்டில் உருட்டி எடுத்து, குப்பம்மாள் என்று பேர் வைத்தார்கள்.

மீன் ஆய்ந்த கழிவும் கழுநீரும் முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. போட்ட கோலத்தின் மேல் செதில் கிடந்தது. ஆண்கள் கடப்பாரையால் பின்சுவரை இடித்தார்கள். விடிவதற்குள் அது பழையபடி வளர்ந்துவிடும். பழி முழுக்கத் தாயாரம்மாள் தலையில் விழுந்தது. ஊர் என்றால் வேறு எப்படி இருக்கும்? அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையின் வயிறு நாளுக்கு நாள் உப்பியதுதான் அவளுக்குக் கவலை. புருஷன் துலுக்காணம் படகில் கொண்டுவந்து விட, பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலேறி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே முதலில் குழந்தையின் வயிற்றில், இடது பக்கம், ஒரு திறப்பு வைத்தார்கள். அதே நேரம் குப்பத்தில் ஒவ்வொரு வீட்டின் பக்கச் சுவரிலும் ஒரு முறம் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஆபரேஷன் முடிந்த சேதி ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது. பெண்கள் அதன் வழியே கழிவைக் கொட்டி நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். இது தற்காலிகம்தான், ஆறு மாதத்தில் வா, பின்னால் சரியான இடத்தில் வாசல் வைக்கிறேன், அது ஆறிய பிறகு வயிற்றை மூடிவிடலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

தவணை வந்தபோது ஊர்க்கூட்டம் கூடியது. "கெடச்சது போதும். மறுபடி கத்தி வெச்சு, இதுவும் மூடிக்கினா இன்னா பண்றது?" என்றார் ஊர்ப் பெரியவர் அப்பாவு.

"உங்களுக்கு அது ஊட்டுச் செவுரு. எனக்கு இது புள்ள வவுறு, நைனா" என்றாள் தாயாரம்மாள்.

எந்தப் படகும் அவளையும் பிள்ளையையும் ஏற்றக் கூடாது, மீறியவனுக்கு ஏரியில் வலை இறக்க இடம் கிடையாது என்று கட்டுப்பாடு விழுந்தது. துலுக்காணமும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். பாவிகள்! மூன்று வருஷம் அப்படியே ஓடிற்று. வயிற்றுத் திறப்பைச் சுற்றித் தோல் வெந்துபோய், எலும்பும் தோலுமாகக் குப்பம்மாள் நடக்கப் பழகினாள்.

மழை பொய்த்த ஒரு சித்திரையில், என்றும் இல்லாதபடி ஏரி இடுப்பளவுக்கு வற்றியது. தாயாரம்மாள் பிள்ளையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு சேற்றில் நடந்தே அதைக் கடந்தாள். பிள்ளைக்கு ஏக குஷி. மீன் துள்ளும்போதெல்லாம் கை தட்டியது.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை, குப்பத்தில் எல்லாப் பின்வாசல்களும் திறந்துகொண்டன. பயந்தபடி எதுவும் மூடவில்லை. பக்கச் சுவர் ஓட்டைகூட அப்படியே இருந்தது. ஊர் குதித்தது. பிள்ளை வந்து இறங்கும் நாளில் பொங்கல் வைக்கச் சொன்னார் அப்பாவு. கட்டுப்பாட்டை நீக்கி, அவளை அழைத்துவரப் படகும் அனுப்பினார். பத்து நாள் கழித்து, துலுக்காணம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கரையில் நின்றான். படகு வந்தது. தாயாரம்மாள் மடியில் பிள்ளை இல்லை. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்திருந்தது. மெலிந்த உடம்பு பிறகு வந்த காய்ச்சலைத் தாங்கவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம்.

"வாசல் தொறந்துச்சா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"தொறந்துச்சு."

"எங்க?"

"பின்னாலதான். எங்க இருக்கணுமோ அங்க."

"அப்ப சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்று சொல்லி மணலில் உட்கார்ந்தாள். துலுக்காணம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். பொங்கலை யாரும் தொடவில்லை.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்த கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனவர்கள் குப்பத்தில் கல் வீடு கட்டினார்கள். கொத்தனார் குப்புராஜ் பின்சுவரை இடைவெளி விடாமல் முழுசாக எழுப்புவார். மறுநாள் காலையில் அதில் வாசல் இருக்கும். நிலையைப் பொருத்துவது மட்டும்தான் அவர் வேலை. வெளியூர்ச் சித்தாள் யாராவது, "பின்னால வழி உடலியா மேஸ்திரி?" என்று கேட்டால், "அத்த கொயந்த பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த செங்கல்லுக்குக் கை நீட்டுவார்.