வீரம்மாளின் பேரி மரத்தில் மைதா மாவு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, செண்பகனூரில் நான் தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரன் சிவமுருகனுடையது. டீ குடித்தபடி அவனே என்னிடம் சொன்னான்.

பனி போர்த்திய மலையின் மடியில்… (அடித்துவிட்டேன். மலைக்கு மடி கிடையாது.)

விடுதிக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே பக்கத்து வீட்டு வீரம்மாளின் பேரி மரம் நின்றது. அது போனால் அறைகளிலிருந்து பள்ளத்தாக்கு தெரியும். வெட்டச் சொல்லிக் கேட்டான், அவள் மறுத்தாள். பழம் விற்றுத்தான் அவளுக்குப் பாதி வருஷம் ஓடுகிறது. ஆகவே ஒரு விடியலில் அதன் இலைகளில் மைதா மாவைத் தூவினான்.

"அக்கா, மரத்துல சாம்பல் நோய். வெட்டிருங்க, இல்லாட்டி என் ரோஜாவுக்கும் பரவிரும்."

(நிஜ சாம்பல் நோயில் வெள்ளைப் பொடி படிவதோடு இளம் இலை சுருளும், மொட்டு விரியாது. மைதாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.)

2

மதியம் மூடுபனி இறங்கியது. மாவு பசையாகி இலைகள் ஒட்டிக்கொண்டன, சுவரொட்டியே ஒட்டியிருக்கலாம்.

இந்த இடத்தில் வீரம்மாள் ஆத்திரத்துடன்… (இல்லை. அவளைக் கத்தவைக்கப் பார்த்தேன், அவள் கத்தவில்லை.) ஓர் இலையை முகர்ந்தாள். எட்டிய கிளைகளைக் கழுவினாள். மரத்தை வெட்டவில்லை.

3

கொஞ்ச நாளில் சிவமுருகனின் ரோஜா இலைகளில் வெள்ளை படிந்தது. "அக்கா பழி வாங்குது," என்று சிரித்தான். கவனிக்காமல் விட்டான். இலைகள் சுருண்டன. மொட்டுகள் விரியாமலே கருகின. அவன் சிரிப்பு மட்டும் குறையவில்லை.

வீரம்மாள் வேலியோரம் வந்தாள். "தம்பி, ரோஜாவுல சாம்பல் நோய் பிடிச்சிருக்கு. வெரசா கந்தகம் அடி."

"நான் செஞ்ச வேலைய எங்கிட்டயே காட்டுறீங்களாக்கா? எந்தக் கடை மாவு?"

"மாவா? அப்ப எம் மரத்துல தூவுனது நீதானா?"

சிவமுருகன் ரோஜாவைப் பார்த்தான். ஓர் இலையைத் தேய்த்தான். விரலில் வெள்ளை ஒட்டியது. இலை சுருண்டபடியே இருந்தது. அவன் முகம் போன போக்கை எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

4

முடிவு இரண்டு எழுதினேன். முதலாவதில் அவன் மன்னிப்புக் கேட்கிறான், நானே நம்பவில்லை. இரண்டாவதில் அவள் பேசாமல் திரும்பிப் போகிறாள், வீரம்மாள் நம்பமாட்டாள்.

இப்போது அவள் கந்தகப் பொட்டலத்துடன் தன் வாசலில் நிற்கிறாள். அவன் வேலிக்கு இந்தப் பக்கம், வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். முதலில் யார் பேசுவது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம் எழுதுங்கள். அடுத்த செடியிலும் வெள்ளை தெரிகிறது.