நன்றி சொல்லாத வியாழக்கிழமை

எங்கள் ஊர் ஹாடன்ஷாவில் நன்றி சொல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியாது. பேருந்தைவிட்டு இறங்கினால் ஓட்டுநருக்கு நன்றி. கடையில் மீதிச் சில்லறை கொடுத்தால் நன்றி. என் தோழி மேவிஸ் பணம் எடுக்கும் இயந்திரத்துக்கே நன்றி சொல்வாள். அந்த நல்ல பழக்கம்தான் எங்கள் தெருவின் பொதுக் கூடத்தைக் காவு வாங்கப் பார்த்தது.

நகராட்சி இழுத்து மூடவிருந்த மில் தெருக் கூடத்தை, நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று தெருக்காரர்கள் போராடி எழுதி வாங்கினோம். வியாழக்கிழமை மதியச் சாப்பாடு அங்கேதான். தனியாக இருக்கும் பலர் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது அன்றைக்கு மட்டும்தான். ஆனால் கூடத்துக்கும் சாலைக்கும் நடுவில் கிடக்கும் துண்டு நிலத்தை நகராட்சி கையில் வைத்துக்கொண்டது. வீடு கட்டி விற்கும் ஒருவனுக்குத் தரப்போகிறார்களாம். அது போனால் நாங்கள் உள்ளே போக வேறு வழி இல்லை. பின்னால் கால்வாய்.

எங்கள் வழக்கறிஞர் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "இத்தன வருஷமா யாரையும் கேக்காம நடந்திருக்கீங்க, அதான் உங்க உரிமை. அனுமதின்னு ஒண்ண வாங்கிட்டா, வழி உங்களது இல்லன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. கேக்காதீங்க. குடுத்தாலும் வாங்காதீங்க. நன்றின்னு ஒரு வார்த்த சொன்னாக்கூட வாங்கிக்கிட்டதா ஆயிடும்."

அடுத்த வியாழன் போய்ப் பார்த்தால் அங்கே வேலியும் கேட்டும் முளைத்திருந்தன. கேட்டில் ஒரு பலகை: 'நகராட்சியின் அனுமதியுடன் மட்டும்.' கொட்டும் மழையில் குடையோடு நகராட்சி அதிகாரி ரசல் நின்றான். இதே தெருவில் வளர்ந்தவன். நல்ல பிள்ளை, அதுதான் ஆபத்து.

"நனையாதீங்க, வாங்க," என்று கேட்டைத் திறந்து பிடித்தான். "உங்களுக்குன்னே அனுமதி வாங்கிட்டு வந்திருக்கேன் கிளெண்டா."

எனக்குப் பின்னால் மேவிஸ், ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெந்த பெரிய சட்டியைச் சுமந்துகொண்டு நின்றாள்.

"வாயத் தெறந்த, கொன்னுடுவேன்," என்றேன் அவளிடம்.

"நான் என்னடி சொன்னேன்?"

"சொல்லப் போற."

"மழையில கேட்டப் புடிச்சிட்டு நிக்கிறான் பாவம். பேசாமப் போனா, இவளுங்கள எப்படி வளத்தாங்களோன்னு நெனைக்க மாட்டானா?"

"நெனைக்கட்டும்." ரசலிடம் திரும்பினேன். "உன் அனுமதி எங்களுக்கு வேணாம்பா. நாங்க எப்பவும் போற வழியில போறோம். அந்தப் பலகையக் கழட்டு."

"அது என் வேல இல்லயே."

"சரி, நான் பாத்துக்கறேன்."

சாப்பாட்டுக்கு வந்திருந்த எல்லாரும் ஒவ்வொருவராக அவனைக் கடந்து போனோம். யாரும் வாய் திறக்கவில்லை. மேவிஸ் தும்மலை அடக்குகிறவள் மாதிரி முகம் சிவந்து போனாள். இவ்வளவு மரியாதை கெட்டு நான் நடந்ததே இல்லை. இவ்வளவு பெருமையாக உணர்ந்ததும் இல்லை.

மேவிஸ் சட்டியை உள்ளே இறக்கியதும், நான் திருப்புளியை எடுத்து வந்து பலகையைக் கழற்ற ஆரம்பித்தேன். ரசல் தடுக்கவில்லை. நான் நனைவதைப் பார்த்துக் குடையை என் தலைக்கு மேல் நீட்டினான். படுபாவி. நன்றி என் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். பலகையை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

பரிமாறிக்கொண்டிருந்தபோது சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றான்.

"நான் உள்ள வரலாமா?"

கூடம் மொத்தமும் அவனைப் பார்த்தது.

"ஆபீஸ்ல என்ன சொல்லப் போற?" என்றேன்.

"அனுமதிய வாங்க மாட்டேன்னுட்டாங்கன்னு சொல்லுவேன். அதான நடந்துச்சு."

"அப்ப வா. காலத் தொடச்சுக்க."

உட்கார்ந்தான். மேவிஸ் தட்டு நிறையப் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றான்.

மேவிஸ் என்னைப் பார்த்தாள். "நல்லாத்தான்டி வளத்திருக்காங்க."