முன்வரிசை

அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, பதக்கம் குத்திய மூன்று கிழவர்கள் வாசலில் வந்து விறைப்பாக நின்றார்கள். அவர்களில் மீசைக்காரரின் கையில் மடித்த தேசியக் கொடி.

"அப்பா எந்தப் பட்டாளம்மா?" என்றார்.

அவளுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது. நேற்று போர் இலக்கிய விழாவில் அப்பா உயிரை விட்டது, முன்னாள் வீரர்களுக்கு ஒதுக்கிய முன்வரிசையில். பதுங்குகுழியைப் பற்றி ஓர் எழுத்தாளர் வாசித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து பார்த்த அவள், அப்பா தூங்குகிறார் என்றே நினைத்தாள்.

அப்பா காலமெல்லாம் செருப்புக் கடையில் கால் அளவு பார்த்தவர். போர்ப் புத்தகம் கிடைத்தால் சோறு தண்ணீர் மறந்துவிடும், அவ்வளவுதான்.

சமையலறைக்குப் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னாள்.

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க. இதுவரைக்கும் உங்கப்பனுக்கு யாரு சல்யூட் அடிச்சா? வந்தவனெல்லாம் காலத்தான் நீட்டினான்."

"பொய்யில்லையா சித்தப்பா அது?"

"அண்ணன் என்ன, எந்திரிச்சு வேணாம்னா சொல்லப்போறாரு?"

நேற்று அவள், "அப்பா, அது அவங்களுக்கு வச்ச சீட்டு" என்றபோது, "தெரியும், நீ போ" என்றிருந்தார். காது மந்தம் என்பதால் போனாரா, வேறு ஆசையா? எதைச் சொன்னால் அப்பாவுக்குத் துரோகம் என்று தெரியவில்லை.

கூடத்துக்கு வந்தபோது கொடி பாதி விரிந்திருந்தது.

"ஐயா, அப்பா பட்டாளத்துல இல்ல. செருப்புக் கடையில இருந்தார்."

மீசைக்காரரின் கைகள் அந்தரத்தில் நின்றன.

"முன்னாடி உக்காந்திருந்தாரே."

"ஆமா. ஏன்னு எனக்கும் தெரியல."

அவர் கொடியை முனைக்கு முனை சேர்த்து மறுபடி மடித்தார். கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தாள்.

"பக்கத்து சீட்டு நான்தாம்மா," என்றார். "பதுங்குகுழின்னதும் எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. அப்பா புடிச்சுக்கிட்டார். நம்ம ஆளுன்னு நெனச்சேன்." தன் கையைப் பார்த்துக்கொண்டார். "எப்ப விட்டார்னு கவனிக்கல."

அப்பாவைப் பெட்டியில் கிடத்தி மூடினார்கள்.

பெட்டியைத் தூக்க ஓர் ஆள் குறைந்தது. மீசைக்காரர் கொடியை நண்பரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார்.

"உங்களால முடியுமா?" என்றார் சித்தப்பா.

அவர் தோள் கொடுத்தார். படியிறங்கியதும் அவர் இடது காலை வைத்தார். மறுபக்கம் சித்தப்பா வலது காலை. பெட்டி ஆடியது. இருவரும் நின்றார்கள். ஒருவருக்காக ஒருவர் ஒரே நேரத்தில் காலை மாற்றினார்கள். பெட்டி மறுபடியும் ஆடியது.