ஏழாம் நம்பர் பிளேயர்

"மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு தவறு நடந்தது. வகுப்பு முடிந்ததும் பாடம் கேட்கிற பிளேயரைப் பெட்டியில் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கோட்டுப் பையில் கை பட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. நாளை சீக்கிரம் போய் சாரிடம் நானே சொல்லிவிட வேண்டும்."

எழுதியதை ஒரு முறை படித்தாள். "வேண்டுமென்று செய்யவில்லை" என்ற வரி சாக்குச் சொல்வது போல இருந்தது. அடித்தாள். அடித்த பிறகு, வேண்டுமென்றே செய்ததுபோல ஆகிவிட்டதே என்று தோன்றியது. அதே வரியை மேலே பொடி எழுத்தில் மறுபடி எழுதினாள். அவள் டைரியில் இப்படி அடித்தும் எழுதியும் கறுத்துப்போன இடங்கள் ஏராளம். கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாள் முழுக்க லென்ஸ் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. மயிரிழை கூடினாலும் லென்ஸ் உட்காராது, குறைந்தாலும் நிற்காது. அந்தப் பழக்கம் டைரிக்கும் வந்துவிட்டது.

"என்னடி, மன்னிப்புக் கடிதமா எழுதற?" என்றாள் அண்ணி. அடுக்களை மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வகுப்பு பிளேயர தெரியாம கொண்டு வந்துட்டேன் அண்ணி."

"தங்கக் கட்டிய கொண்டு வந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்க. குடு இப்படி. ரெண்டு மாசமா உன்ன அழ வைக்கறவன் குரல நானும் கேக்கறேன்."

அழ வைத்தது உண்மைதான். இந்த ஊர் மொழியைக் கற்றுத்தரும் மாலை வகுப்பு அது. சொல்லித் தருபவர் நம் ஆள். இங்கே வந்து குடியேறி வெகு காலம் ஆனவர். முதல் நிலையில் அவரே சத்தமாக வாசிப்பார், இவள்தான் எப்போதும் முதல் ஆளாகப் பதில் சொல்வாள். இரண்டாம் நிலைக்கு வந்ததும் ஆளுக்கொரு பிளேயர் கிடைத்தது. யாரோ புண்ணியவான் தானமாகக் கொடுத்த பழைய பாட்டுப் பிளேயர்கள். முதுகில் பிளாஸ்திரி ஒட்டி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர் போட்டவை. அதில் பாடங்களைக் கேட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அன்றே சார் கறாராகச் சொல்லிவிட்டார். "பிளே ஒண்ணு, ஸ்டாப் ஒண்ணு. வேற பட்டன தொட்டா மிஷின் கெட்டுப்போயிடும்." திரையில் கீறல் விழுந்த ஏழாம் நம்பரை இவள் கையில் வைத்தபோது சிரித்தார். "பாத்தும்மா. இத எடுத்தவங்க யாரும் கரையேறினதில்ல." வகுப்பு முழுக்கச் சிரித்தது. இவளும் சிரித்தாள்.

அன்றிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. கேட்கிற வாக்கியத்தின் தலையைப் பிடிப்பதற்குள் வால் ஓடி மறைந்துவிடும். இரண்டாம் நிலை என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். மருத்துவமனைக்குப் போய்க் காதைக் கழுவிக்கொண்டு வந்தாள். "காதுல ஒண்ணுமில்லம்மா" என்றார் டாக்டர். அப்படியானால் கோளாறு அதற்குப் பின்னால்தான் என்று முடிவு கட்டினாள். போன வாரப் பரீட்சையில் முப்பதுக்கு ஒன்பது. அடுத்த மாதத்திலிருந்து மறுபடி கீழ் வகுப்பு, முதலிலிருந்து இன்னொரு வருஷம். சான்றிதழோடு வந்தால் கவுன்டரில் நிற்க வைக்கிறேன் என்ற கடை முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் மூன்று நாட்களாக டைரியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு இயர்போனை ஒரு காதில் செருகினாள். நாலாம் பாடம், ரயில் டிக்கெட் வாங்குவது. கேட்கக் கேட்க அவள் புருவம் ஏறியது.

"ஏண்டி, இவனுக்கு ரயில் கிளம்பிடுச்சா?"

"ரெண்டாம் லெவல் அண்ணி. அப்படித்தான் இருக்கும்."

"எப்படித்தான் இருக்கும்? நான் நாள் பூரா ஸ்டேஷன் கேன்டீன்ல கல்லாவுல நிக்கறேன். ரயில தவற விட்டவன்கூட இந்த வேகத்துல திட்ட மாட்டான். பாரு, மூச்சே விடல. யாரோ வேகத்த ஏத்தி வச்சிருக்காங்கடி."

"அதெல்லாம் ஏத்த முடியுமா?"

"என்னக் கேட்டா? திறந்து பாரு."

தொடக்கூடாத பட்டனைத் தொட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நோட்டில் ஒரு தனிப் பக்கம் திருப்பி, அழுத்துகிற ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே போனாள். வழி தவறினால் திரும்பி வர வேண்டுமே. மெனு. பாட்டு, ரேடியோ, பதிவு, கடைசியில் செட்டிங்ஸ். பாட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்; முன்பு வைத்திருந்த யாரோ விட்டுப்போன ஒரே ஒரு பாட்டு இருந்தது. வெளியே வந்தாள். செட்டிங்ஸுக்குள் 'திரை வெளிச்சம்', 'தேதி', 'எல்லாவற்றையும் அழி'. அதைப் பார்த்ததும் சுட்டதுபோல விரலை எடுத்துவிட்டாள். அடுத்ததற்குள் நுழைந்து நடுப் பட்டனை அழுத்தியதும் திரையிலிருந்த எழுத்தெல்லாம் மாறி, சுருள் சுருளாக, இருவரும் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஏதோ ஒரு மொழி வந்து நின்றது.

"போச்சு" என்றாள் அண்ணி. "இப்ப அது நம்மள யாருன்னு கேக்கப் போவுது."

வகுப்புச் சொத்து. தெரியாமல் கொண்டுவந்தது போதாதென்று கெடுத்தும் ஆயிற்று. இவள் நோட்டைப் பார்த்து, வந்த வழியே ஒவ்வொரு படியாகப் பின்னால் போனாள். எழுத்தைப் படிக்காமல் எத்தனையாவது வரி என்பதை மட்டும் கணக்கு வைத்து அழுத்தினாள். பழைய எழுத்துத் திரும்பி வந்தபோது அண்ணி, "பரவாயில்ல, உன் கிறுக்கலும் ஒரு நாள் சோறு போடும்" என்றாள்.

கடைசியாக இருந்தது 'ஒலி'. அதற்குள் நாலு வரி தெரிந்தது. ஐந்தாவது வரி கீறலுக்கு அடியில் கிடந்தது. பிளேயரைச் சாய்த்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். பாதிச் சொல்தான் தெரிந்தது, ஆனால் அது அவளுக்குத் தெரிந்த சொல். தினமும் வீட்டுக்கு வரும் பஸ் ஒரு பள்ளிக்கூட வாசலில் வேகம் குறைக்கும். அங்கே நடப்பட்டிருக்கும் பலகையில் இருக்கிற சொல். வேகம். திறந்தாள். ஒரு கோடு, அதில் ஐந்து புள்ளி. நடுப் புள்ளிக்கு மேலே சின்ன வட்டம் போட்டிருந்தது. குறி அங்கே இல்லை. வலது கோடியில் போய் நின்றுகொண்டிருந்தது.

இடது பக்கம் இரண்டு முறை அழுத்திவிட்டு நாலாம் பாடத்தைப் போட்டாள்.

டிக்கெட் வாங்குகிறவன் தொண்டையைச் செருமினான். இத்தனை நாளில் அவன் செருமியதே அவளுக்குத் தெரியாது. எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டான். கவுன்டர்ப் பெண், இருங்கள் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். காகிதம் புரள்கிற சத்தம். ஜன்னலோர இடம் வேண்டுமா என்றாள். வேண்டும், ஆனால் கழிப்பறைக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு கேள்வி இருந்தது பரீட்சையில்: 'அந்தப் பெண் ஏன் சிரித்தாள்?' இவள் எழுதாமல் விட்ட கேள்வி.

"புரியுதா?" என்றாள் அண்ணி.

புரிந்தது. ஒரு சொல் தவறாமல் புரிந்தது. சந்தோஷம்தான் வரவேண்டும். வந்ததோ வயிற்றெரிச்சல். காதைக் கழுவியது, கண்ணாடி முன்னால் நின்று தன்னையே மக்கு என்று திட்டியது, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சியது, எல்லாம் வரிசையாக எழுந்து வந்தன. எல்லாம் ஒரு புள்ளிக்காக. கை எட்டுகிற தூரத்தில், யாரும் திறந்து பார்க்காமல் கிடந்த ஒரு புள்ளிக்காக. அந்த நேரத்திலும் அவள் மனசு, நீயும்தானே திறந்து பார்க்கவில்லை என்று அவள் பக்கமே விரலை நீட்டியது. அது அவளை இன்னும் எரிச்சலாக்கியது.

மறுநாள் வகுப்புக்கு யாரும் வருவதற்கு முன்பே போய்விட்டாள். தவறை முதலில் சொல்வது, பிறகு வேகத்தைச் சொல்வது என்று ஒழுங்கு வைத்திருந்தாள். வாய் திறந்தபோது ஒழுங்கு தலைகீழானது.

"சார், இந்த மிஷின்ல வேகம் கூட்டி வச்சிருந்திருக்கு. நேத்துதான் பாத்தேன்."

"நேத்தா? நேத்து பெட்டிய பூட்டிட்டேனே."

"தெரியாம வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன் சார்."

"ஓஹோ" என்று பேனாவைக் கீழே வைத்தார்.

குறியைப் பழையபடி வலது கோடிக்குத் தள்ளி ஒரு கையில் ஏழாம் நம்பரையும், மறு கையில் பெட்டியிலிருந்து எடுத்த மூன்றாம் நம்பரையும் நீட்டினாள். இரண்டிலும் நாலாம் பாடம். இயர்போன் எங்கே ஒட்டிக்கொள்ளுமோ என்பதுபோலக் காதுக்கு ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக் கேட்டார்.

"ஆமா, கொஞ்சம் வேகந்தான். அதுக்கென்ன? வெளிய ஜனங்க உனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசுவாங்களா?"

"அப்போ மத்த பதினோரு மிஷினும் ஏன் சார் நிறுத்தி நிறுத்திப் பேசுது?"

கேட்ட பிறகுதான் கேட்டது தன் குரல் என்று தெரிந்தது. சார் சிரித்தார். "பரவாயில்லையே, வாய் திறக்குதே. பரீட்சையில திறக்கல."

"மறுபடி ஒரு தடவ டெஸ்ட் வைங்க சார்."

"லிஸ்ட் ஆபீஸுக்குப் போயாச்சும்மா. உனக்குத் திருப்பி டெஸ்ட் வச்சா நாளைக்கு ஒவ்வொருத்தரும் மிஷின் மேல பழியப் போடுவாங்க. கீழ் வகுப்புல போய் உக்காரு. முதல் ஆளா வருவ, உனக்கும் தெம்பா இருக்கும்."

"நீங்க ஒரு தடவையாவது இத காதுல வச்சுக் கேட்டிருக்கீங்களா சார்?"

"பன்னண்டு மிஷின், முப்பது பாடம். எனக்கு வேற பொழப்பில்லையா?" எரிச்சலை மறைக்கச் சிரிப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, ஏழாம் நம்பர் ராசி அப்படின்னு. முதல்ல குழந்தை பாத்துக்கற வேலை செய்யற ஒரு பொண்ணு. அப்புறம் அந்த பஸ் கழுவற ஆளு. இப்ப நீ. மூணு பேரும் வரிசையா..." என்று கையைப் படிக்கட்டில் உருண்டு விழுவதுபோல இறக்கிக் காட்டினார்.

வரிசையாக மூன்று பேர் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணி வைத்திருக்கிறார். எண்ணி வைத்தவருக்கு எடுத்து ஒரு தடவை காதில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. சிரிக்கத்தான் தோன்றியிருக்கிறது. முதல் நாள் அந்தச் சிரிப்பில் தானும் சேர்ந்துகொண்டது நினைவுக்கு வந்து முகம் காந்தியது.

"அப்புறம், சொல்லாம வெளிய கொண்டு போனதுக்கு ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடு" என்றார். "இந்த ஊர் மொழியிலயே எழுது. பயிற்சியும் ஆச்சு."

உட்கார்ந்து எழுதினாள். தவறு தவறுதானே. நாலு வரி. வாங்கிப் படித்தார்; சிவப்புப் பேனாவால் இரண்டு வினைச்சொல்லைச் சுழித்து, "காலம் தப்பு" என்று திருப்பிக் கொடுத்தார். திருத்தி எழுதிக் கொடுத்தாள்.

அன்றைய பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் காதில் அது விழவில்லை. பஸ் கழுவுகிற அண்ணன்தான் நினைவில் நின்றார். இவள் முதல் நிலையில் இருந்தபோது அவர் இரண்டாம் நிலை. வகுப்பு முடிந்து இருவரும் ஒரே நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். சொந்த ஊரில் இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். இங்கே ஓட்ட வேண்டுமென்றால் இந்த மொழியில் பரீட்சை எழுத வேண்டும்; அதுவரை டிப்போவில் கழுவுகிற வேலை. நிறுத்தத்தில் வந்து நிற்கிற பஸ்களைச் சொந்தக்காரர்களைப் போல அறிமுகப்படுத்துவார். "இது சண்டைக்காரி, தங்கச்சி. பிரேக் புடிச்சா முனகும், கேளு." இவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள், ஒன்றும் கேட்காது. அவருக்குக் கேட்கும். ஒரு தடவை, தெருமுனை திரும்புவதற்கு முன்பே, வருவது எந்த பஸ் என்று சத்தத்தை வைத்துச் சொன்னார்.

கடைசி நாள் நிறுத்தத்தில் அவர் அதிகம் பேசவில்லை. "இன்னையோட நின்னுட்டேம்மா. சார் சொல்லிட்டாரு, உங்க வயசுக்கு இனிமே ஏறாதுன்னு. அவர சொல்லிக் குத்தமில்ல. இன்ஜின் சத்தம் கேட்டுக் கேட்டு காது துருப்பிடிச்சுப் போச்சு." பிறகு சிரிக்கப் பார்த்தார். "பஸ் கழுவறதுக்கு காது எதுக்கு?" அன்று இவள் என்ன பதில் சொன்னாள்? 'ஆமாண்ணே, ரெண்டாம் லெவல் கஷ்டமாம்' என்றாள். ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைப்பு.

வகுப்பு முடிந்தது. ஒவ்வொருவராகப் பெட்டியில் பிளேயரை வைத்துவிட்டுப் போனார்கள். சார் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவள் பெட்டிப் பக்கம் போய், ஒரு கணம் நின்று, கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி படியிறங்கினாள்.

அண்ணி கதவைத் திறந்ததும் கையைத்தான் பார்த்தாள். "மறுபடியுமா? ஏண்டி, நாளைக்கு என்ன லெட்டர் எழுதச் சொல்லப் போறாரோ."

"எழுதறேன் அண்ணி" என்றாள். "இப்பதான் காலம் தப்பில்லாம எழுத வருதே."

மேசையில் உட்கார்ந்து டைரியைத் திறந்தாள். 'தவறு' என்று தலைப்பு எழுதி அடிக்கோடிட்டாள். பிளேயரின் திரை வெளிச்சம் தானாக அணைந்தது. விரலால் தட்டி எழுப்பினாள். வகுப்பில் அவள் திருப்பி வைத்தபடியே குறி நடுப் புள்ளியில் இருந்தது. மறுபடி அணைய விட்டாள். தலைப்பை அடித்துவிட்டு எழுதத் தொடங்கினாள்.

"மார்ச் 12, புதன். பிளேயரைக் கொண்டு வந்திருக்கிறேன். இந்த முறை மறக்கவில்லை.

நாளை: கடைக்குப் போகுமுன் டிப்போவின் பின்வாசல். கழுவுகிறவர்கள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது அங்கே நிற்க வேண்டும். அண்ணனுக்கு முதலில் பழைய வேகத்தில் போட வேண்டும், பிறகு நடு வேகத்தில். நாலாம் பாடம் போதும். ஆபீஸில் முறையிட நான் மட்டும் போவதா, இருவரும் போவதா என்பதை அவர் கேட்டு முடித்த பிறகு பேச வேண்டும். பேட்டரி மாற்ற வேண்டும். இயர்போன் இரண்டையும் நன்றாகத் துடைத்து எடுத்துப் போக வேண்டும்."