விருந்துக் கூடத்தில் ஒரு கரும்பலகை

1.

இந்தக் கதை அக்கா கொடுத்தது. இல்லை, அக்கா கேட்டது ஒரு உதவி. அதைக் கதையாக்கியது என் கொழுப்பு.

அக்கா ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தின் விருந்தினர் மாளிகைக்கு மேலாளர். நன்கொடை தரும் கோடீஸ்வரர்கள் அங்கே தங்கி, சாப்பிட்டு, மனம் குளிர்ந்து இன்னும் கொஞ்சம் தருவார்கள். கல்விக்கான கட்டடம் என்று கணக்கு. அதனால் சொத்துவரி கிடையாது. நகராட்சிக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

"வரி அதிகாரி பார்க்க வர்றாராம்டா. விருந்துக் கூடத்துல கரும்பலகை மாட்டியாச்சு. நீ வந்து ஒரு பாடம் எடுத்துட்டுப் போ."

"உங்க பேராசிரியருங்க எங்க போனாங்க?"

"அவங்களுக்கு மானம் போயிடுமாம்."

"அப்ப எனக்கு?"

"கதை எழுதுறவனுக்கு அதெல்லாம் எதுக்குடா?"

2.

முதல் வரி: 'பணத்தின் திமிர் பளபளக்கும் அந்த மாளிகையில்…' (வேண்டாம். ஊழியர் பிள்ளை என்பதால் அக்கா மகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லாமல் படிக்கிறாள்.)

இன்னொன்று: 'அறிவை வளர்க்கும் அந்த உன்னத…' (இதுவும் வேண்டாம். நான் நகராட்சிப் பள்ளி வாத்தியார். வரிப்பணம் போதவில்லை என்று எங்கள் பள்ளியை மூடப்போகிறார்கள்.)

எந்தப் பக்கம் நின்று எழுதுவது? சத்தியமாகத் தெரியவில்லை.

(இதுவரை படித்த அக்கா: "என்னை வில்லியாக்கிட்ட. வரி போட்டா மாளிகையை மூடிருவாங்க. என் வேலை போச்சுன்னா புள்ள படிப்பும் போச்சு. அதை எழுதினியா?" எழுதிவிட்டேன், அக்கா.)

3.

போனேன். சாப்பாட்டு மேசைகளை ஓரம்கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். மாணவர்களோடு அக்கா மகளும் முன்வரிசையில் இருந்தாள். ஒப்புக்கு எதையாவது பேசிவிட்டு வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கூரையின் உயரத்தைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. எதிரொலிப் பாடத்தை என் வகுப்பறையில் செய்துகாட்ட முடியாது. அது தீப்பெட்டி அளவு. ஒருமுறை கை தட்டினேன். கூடம் திரும்பத் தட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள், தாங்களும் தட்டிப் பார்த்தார்கள். நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வாசலில் அதிகாரி வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

அக்கா மகள் கையைத் தூக்கினாள். "மாமா, கீழ கம்பளம் விரிச்சா எதிரொலி வராதா?"

மாமா! அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்: "சார், இங்க பாடம் நடக்குதா?"

4.

முடிவு ஒன்று: "நடக்குது." பொய்யில்லை, அந்த நிமிடம் நடந்துகொண்டுதான் இருந்தது. என் பள்ளிக்குப் பூட்டு.

முடிவு இரண்டு: "இன்னிக்கு மட்டும்." இதுவும் உண்மை. அக்கா மகள் படிப்பு நின்று வீட்டில்.

முடிவு மூன்று: அக்காவே முன்னால் வந்து உண்மையை… (இந்த வரியை அக்கா அடித்துவிட்டாள். பேனா தாளைக் கிழித்திருக்கிறது.)

அதனால் கதையை இங்கேயே பிடித்து நிறுத்தியிருக்கிறேன். நான் வாய் திறக்காதவரை பள்ளி திறந்திருக்கும், அக்காவும் வேலைக்குப் போவாள். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும்: கம்பளம் சத்தத்தைக் குடித்துவிடும், கண்ணு.

அதிகாரி காத்திருக்கிறார். அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். என்ன சொன்னீர்கள் என்று அக்காவிடம் சொல்லமாட்டேன்.