விற்ற விலை

ஆலைத் தெருக்களில் அவருக்கு விலைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெயர்தான் அப்படி, மனிதர் ஒரு தீப்பெட்டிகூட விற்றதில்லை. விலைவாசி அலுவலகத்தில் மாதச் சம்பளம். செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு படிவத்தையும் இரண்டு பென்சிலையும் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, அன்றைக்கு எது என்ன விலை விற்கிறது என்று எழுதிவருவது அவர் வேலை.

படிவத்தில் அறுபத்திரண்டு வரிகள். அரிசி, பருப்பு, சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி சோப்பு, முகச்சவரம் என்று போகும். கடைசி இரண்டு வரிகள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். ‘சினிமா, தரை டிக்கெட், ஒன்று.’ ‘செய்தித்தாள், ஒரு பிரதி.’ தொழிலாளிக்கு வயிறு மட்டும் போதுமா, கண்ணும் காதும் கிடையாதா என்று யோசித்து இந்த இரண்டையும் சேர்த்த புண்ணியவான் யாரோ, அவரை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வார். தரை டிக்கெட் நாற்பது காசு, செய்தித்தாள் பன்னிரண்டு காசு. இரண்டும் மூன்று வருடமாக அசையவில்லை. மற்ற அறுபதும் சேர்ந்து ஆடிய ஆட்டத்துக்கு இவை இரண்டாவது ஒழுங்காக இருக்கிறதே என்பார்.

இந்த அறுபத்திரண்டையும் அலுவலகத்தில் போட்டுக் கலக்கி மாதத்துக்கு ஒரு எண் எடுப்பார்கள். அந்த எண் ஏறினால் ஆலைத் தொழிலாளியின் பஞ்சப்படி ஏறும், இறங்கினால் இறங்கும். அதனால்தான் விதிகள் கடுமை. வாரா வாரம் அதே கடை, அதே ரகம். பலகையில் எழுதிப்போட்ட விலை செல்லாது, உண்மையில் விற்ற விலைதான் வேண்டும். கடைக்காரர் சொன்னதை அங்கே சாமான் வாங்கிய ஒரு வீட்டிலாவது கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

அந்தச் சரிபார்க்கும் வீடாக ஒன்பது வருடமாக அவர் வைத்திருந்தது தன் சொந்த வீட்டை. வேறு எந்த வீட்டுக்காரி இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்வாள்? திங்கட்கிழமை சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பார், மனைவி கீரை ஆய்ந்துகொண்டே சொல்வாள். மறுநாள் கடைக்காரர் சொல்வதும் அவள் சொன்னதும் காசு பிசகாமல் ஒத்துப்போகும். அந்தப் பெருமையில் மனிதருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமாகிவிடும்.

கடைக்காரருக்குத் தராசு என்று பட்டப்பெயர். எடையில் ஒரு குன்றிமணி குறைக்காதவர் என்பதால் ஊரே வைத்த பெயர். அந்தப் பகுதிக்கு மளிகைக் கடை என்று படிவத்தில் இருந்தது அவருடைய கடை ஒன்றுதான். விலைக்காரர் போனதும் ஸ்டூலைத் துடைத்துப் போடுவார், தேநீர் வரவழைப்பார். இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டாடுகிற சிநேகிதம். தராசுவின் அப்பா இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் விலைக்காரரும் ஒருவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் செய்தித்தாள் வந்தது. முதல் பக்கத்தில் நிலவுக்கு ராக்கெட் விட்ட செய்தி, பெரிய படத்தோடு. கடைசிப் பக்கத்தில் புதுப்படம் ஏழாவது வாரமாக ஓடுகிறது என்ற விளம்பரம். மூன்றாம் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு செய்தி: விலைவாசி எண் நான்கு புள்ளி இறங்கிவிட்டதாம், அடுத்த மாதம் முதல் ஆலைத் தொழிலாளரின் பஞ்சப்படி குறையுமாம்.

மாடியிலிருந்து தம்பி இறங்கி வந்தான். அதே ஆலையில் தறி ஓட்டுகிறவன். அந்த வாரம் அவனுக்கு மத்தியான ஷிப்டு, மூன்று மணிக்குப் போனால் போதும். நிலவைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் பக்கத்தை மடித்து அண்ணன் முன்னால் வைத்தான்.

“அண்ணே, இது நீ எழுதினதுதானா?”

“நான் விலை எழுதறேன். எண் போடறது அவங்க.”

“போன வருஷமும் குறைஞ்சுது. அப்பவும் இதையேதான் சொன்னே. விலை இறங்குச்சுன்னு ஆலையில ஒருத்தன் சொல்லட்டும், நான் மீசையை எடுத்துடறேன்.”

விலைக்காரருக்குச் சுருக்கென்றது. ஒரு காசாவது கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் என் கை அழுகிப்போகட்டும் என்றார். அப்போது தம்பி மனைவி கையில் பையோடு உள்ளே வந்தாள். அவள் மூத்தாரிடம் அதிகம் பேசாதவள். அன்றைக்கு மட்டும், யாரையும் பார்க்காமல், சர்க்கரை கிலோ ஒரு ரூபாய் நாற்பது ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

அவர் எங்கே வாங்கினாய் என்று கேட்டார். தராசு கடையில் என்றாள். இருக்காதே, அங்கே ஒன்று இருபதுதானே, நேற்றுத்தானே உன் அக்கா சொன்னாள் என்றார். அவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். தன்னைப் பொய்க்காரி என்கிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகம் சிவக்க மேலே போய்விட்டாள். அடுப்படியில் மனைவி பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

விலைக்காரர் வழக்கம்போல் கிளம்பினார். சவரக் கடையில் வானொலி அதே நான்கு புள்ளியைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாற்காலியில் பாதி முகம் நுரையோடு இருந்த ஆலைக்காரர் ஒருவர் இவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திக்கொண்டார். முகச்சவரம் இருபது காசு என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தார். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுப்பவர் அதே நாற்பது காசு என்று சொல்லிவிட்டு, வேடிக்கையாக ஒரு வார்த்தை சேர்த்தார். “உங்க வீட்டம்மா சொல்லலையா சார்? அவங்களுக்குத் தெரியாத விலையா? ஒரு செவ்வாய் தவறாம வராங்களே, உங்க தம்பி வீட்டுத் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு.” எப்போதாவது போவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு செவ்வாய் தவறாமல் என்பது தெரியாது. பரவாயில்லை, அவள் சிக்கனக்காரி, மிச்சம் பிடித்துப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார். நம் ஆள் அப்படித்தான், பிறர் மேல் சந்தேகம் வருவதற்கு முன்னால் அவருக்குப் பெருமை வந்துவிடும்.

தராசு கடையில் ஸ்டூல் வந்தது, தேநீர் வந்தது. சர்க்கரை ஒன்று இருபது, மண்ணெண்ணெய் போத்தல் முப்பது, சோப்பு இருபத்தைந்து. நேற்று மனைவி சொன்னது அச்சு அசலாக அப்படியே. அவர் எழுதிக்கொண்டு எழுந்தார். தெருமுனை வரை போனார். அங்கே கால் நின்றுவிட்டது. தம்பி மனைவி படியில் திரும்பிப் பார்த்த பார்வை அவரை விடவில்லை.

கடையிலிருந்து ஒரு பெண் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் தெருவில் ஒரு அந்நியப் பெண்ணை நிறுத்தி, என்ன விலைக்கு வாங்கினாய் அம்மா என்று கேட்டார். முப்பத்தாறு என்றாள். அடுத்து வந்தவளும் முப்பத்தாறு என்றாள். சர்க்கரை வாங்கிவந்த கிழவர் ஒன்று நாற்பது என்று சொல்லி, எழுதி என்னத்தைக் கிழிக்கப் போகிறீர் என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பிக் கடைக்குள் நுழைந்தபோது தராசுவின் முகத்தில் ஈயாடவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் கேட்டார். எவ்வளவு நாளாக என்று கேட்டார்.

“ரெண்டு வருஷமா,” என்றார் தராசு, மெதுவாக. ஆலை மேனேஜர் மாறியதிலிருந்து என்று விவரமும் சொன்னார். ஆலை உணவகத்துக்கு மாதம் இரண்டு வண்டிச் சாமான் போகிறது. அந்த வியாபாரம் நிலைக்க வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை வருகிற ஆளிடம் கொஞ்சம் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். பிள்ளைகுட்டிக்காரன், என்ன செய்வது என்றார்.

“சீட்டாடினோமே. உங்க அப்பாவைத் தூக்கினேனே. என்கிட்டே பொய் சொல்ல எப்படிய்யா வாய் வந்தது?”

தராசுவுக்கு அந்த வார்த்தை உறைத்தது. தலையை நிமிர்த்தினார்.

“பொய் சொல்லலை. வித்த விலையைத்தானே எழுதணும்? உங்க வீட்டுக்கு நான் அந்த விலைக்குத்தான் வித்தேன். ரெண்டு வருஷமா சர்க்கரையிலிருந்து சோப்பு வரைக்கும், நான் உங்ககிட்ட சொன்ன விலைக்கே அம்மாவுக்குப் போட்டேன். நீங்க வீட்டுல கேட்டுப் பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

விலைக்காரர் படிவத்தை மடித்தார். ஒன்று மட்டும் கேட்கத் தெம்பு மிஞ்சியிருந்தது. அவளுக்குத் தெரியுமா என்றார்.

தராசு தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். “பக்கத்துல நிக்கிறவங்களுக்கு என்ன விலை போடறேன்னு அவங்களுக்குக் காது கேக்காதா?”

படிவத்தில் இன்னும் இருபது வரி பாக்கி. ஒன்பது வருடத்தில் முதல் முறையாகச் சுற்றைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். உச்சி வெயில். மனைவி நல்ல சேலை கட்டித் தலை வாரிக்கொண்டிருந்தாள். மத்தியானக் காட்சி இரண்டரை மணிக்கு. இவரை அந்த நேரத்தில் பார்த்ததும் சீப்பு அப்படியே நின்றது. அவர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. சர்க்கரை என்ன விலை என்றார். அவள் நேற்றுச் சொன்னதையே சொன்னாள். ஊருக்கு என்ன விலை என்றார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். முதலில் மழுப்பினாள், பிறகு அழுதாள், பிறகு கோபப்பட்டாள். முதல் தடவை கடைக்காரர் உங்களுக்கு மட்டும் இந்த விலை என்றபோது, புருஷனின் சிநேகிதத்துக்காகச் செய்கிறார் என்றுதான் நினைத்தாளாம். எதற்காக என்று புரிந்தபோது மாதம் நாலைந்து ஆகிவிட்டதாம். கையில் தங்கிய நாலு காசில் வாரம் ஒரு படம் பார்க்கப் பழகிவிட்டதாம்.

“உங்க சம்பளத்துல எனக்குன்னு என்னிக்காவது ஒரு காசு ஒதுக்கியிருக்கீங்களா? சிக்கனக்காரி, சிக்கனக்காரின்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சீங்க. எதுல சிக்கனம் பண்றேன்னு ஒரு நாள் கேட்டீங்களா?”

அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நேரத்தில் அது அவர் காதில் ஏறவில்லை. திங்கட்கிழமை சாயங்காலங்கள்தான் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. நாற்காலி, படிவம், கீரை, ஒவ்வொரு விலையாக வாய் கூசாமல் அவள் சொன்னது. நூறு திங்கட்கிழமை. தராசு கழுத்தறுத்ததுகூட அவருக்கு இப்போது தூரத்து விஷயமாகிவிட்டது. இவளை அல்லவா சாட்சி என்று நம்பினேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் பதில் சொல்வதற்குள் மாடிப்படியில் காலடி கேட்டது. தம்பி மனைவி, தலையில் பூவோடு, “அக்கா, கிளம்பலாமா?” என்றபடி வந்தாள். பின்னாலேயே ஷிப்டுக்குப் புறப்பட்ட தம்பி, சாப்பாட்டுத் தூக்கோடு.

விலைக்காரர் சொல்லிவிட்டார். நின்றபடியே, பச்சையாக, எதையும் ஒளிக்காமல். ஆலை, தராசு, இரண்டு வருடம், ஒன்று இருபது, ஒன்று நாற்பது. தன் மனைவியின் பெயருக்கு வந்தபோதும் நிறுத்தவில்லை, அதையும் சொன்னார். குழாயடியில் தம்பி மனைவி விலைவாசியைத் திட்டும்போதெல்லாம் கூடச் சேர்ந்து இவளும் திட்டியிருக்கிறாள் என்பது அப்போது அவள் சொல்லித்தான் அவருக்கே தெரியவந்தது.

தம்பி மனைவி அக்கா பக்கம் திரும்பினாள்.

“வாரா வாரம் நீங்கதான் எனக்கு டிக்கெட் எடுத்தீங்க. வேணாம்னு சொன்னா, நம்மகிட்ட மிச்சம் இருக்கு வாடீன்னு சொன்னீங்க. உங்களை மாதிரி ஓரகத்தி யாருக்குக் கிடைப்பான்னு எங்கம்மாவுக்குக் கடுதாசி எழுதினேன் அக்கா. அப்போ நான் பார்த்த படமெல்லாம் இவரு பஞ்சப்படியிலதானா?”

அவள் பூவை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள்.

தம்பி கத்துவான் என்று விலைக்காரர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அண்ணியைப் பார்க்கவேயில்லை. தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

“தம்பி, என்னை ஏமாத்திட்டாங்கடா. எல்லாரும் சேர்ந்து ஏமாத்திட்டாங்க.”

“ஒம்பது வருஷமா மாடியிலதான் இருக்கோம், அண்ணே. ஒரு தடவை எங்களைக் கேட்டிருக்கலாமே.”

அவன் போய்விட்டான். விலைக்காரர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். படிவத்தில் காலையில் எழுதியதை அழித்துவிட்டு ஒன்று நாற்பது என்று போட்டார், முப்பத்தாறு என்று போட்டார். விலை இப்படி ஒரே வாரத்தில் தாவினால் பக்கத்திலேயே காரணம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அலுவலகத்தில் தள்ளிவிடுவார்கள். வரத்துக் குறைவு, வரி உயர்வு என்று எழுதிப் பழகிய கட்டம் அது. பென்சிலைச் சீவிக்கொண்டார். பின்னால் கட்டிலில் மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டுக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை.

‘இதுவரை சரிபார்த்த வீடு பொய் சொன்னது,’ என்று எழுதினார். அதற்குக் கீழே வீட்டின் விலாசம் கேட்டிருந்தது. தன் விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.